ஆறு நாள் குறைய 184 ஆண்டுகள்

1796 மே 14. இங்கிலாந்தின் பெர்க்லியில் மருத்துவர் எட்வர்ட் ஜென்னர், தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் பிப்ஸின் கையைக் கீறி, பால் கறக்கும் பெண்ணின் கொப்புளத்திலிருந்து எடுத்த மாட்டம்மைச் சீழைத் தடவினார். ஜூலையில் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். (இன்று செய்தால் கம்பி எண்ணவேண்டும்!) பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்கா நகரில் அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரருக்கு அம்மை போட்டது. பிழைத்துக்கொண்டார். இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர் அவர்தான்.

1980 மே 8 அன்று, நோய் ஒழிந்ததாக உலக சுகாதார சபை அறிவித்தது. அம்மை குத்திய தழும்பு இப்போது தாத்தா பாட்டிகளின் கையில்தான் இருக்கிறது.