படைக்கலம் வழங்குவோரின் அறப்பொறுப்பு

வலிய அரசொன்று தன்னிற் சிறிய அரசுக்கோ, போராடும் குழுவொன்றுக்கோ படைக்கலம் வழங்குவது உலக அரசியலில் 'உதவி' எனப்படுகின்றது. உணவையும் மருந்தையும் குறிக்கும் அதே சொல்லே துப்பாக்கியையும் குறிக்கின்றது. எனினும், இவற்றிடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. உணவின் பயன் பெற்றவனோடு முடிந்துவிடுகின்றது. படைக்கலமோ பெற்றவனைக் கடந்து மூன்றாம் ஒருவனைச் சென்றடைகின்றது. கொடுப்பவனும் பெறுபவனும் செய்துகொள்ளும் உடன்பாட்டில் அம்மூன்றாமவனுக்கு இடமில்லை. கொடுத்த அரசு பின்னர் தன் நலன் கருதி வேறு பக்கம் சாயுமாயின், முன்பு கொடுத்த படைக்கலங்களால் விளையும் கேட்டுக்கு அதன் பொறுப்பு தொடருமா, அற்றுவிடுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

இவ்வினாவைத் தெளிவாக எழுப்பும் நிகழ்ச்சியொன்று ஆபிரிக்காவின் கிழக்கு முனையில் இடம்பெற்றது. சோமாலியாவின் படையைக் கட்டியெழுப்பியது சோவியத் ஒன்றியம். 1974இல் இரு நாடுகளும் நட்புறவு ஒப்பந்தமும் செய்துகொண்டன. அயல் நாடான எதியோப்பியாவோ நெடுங்காலமாக ஐக்கிய அமெரிக்காவின் படைக்கலங்களைப் பெற்றுவந்தது. 1974இல் எதியோப்பியப் பேரரசர் வீழ்த்தப்பட்டு, புதிய இராணுவ ஆட்சி இடதுசாரி வழியை மேற்கொண்டதும் நிலைமை மாறியது. 1977 யூலையில் சோமாலியா ஒகடேன் பிரதேசத்தினுட் படையெடுத்தபோது சோவியத் ஒன்றியம் எதியோப்பியாவின் பக்கம் சாய்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் சோவியத் ஆலோசகர்களைச் சோமாலியா வெளியேற்றியது. சோவியத் ஆயுதங்களும் பல்லாயிரம் கியூபப் படையினரும் எதியோப்பியாவுக்குத் துணைநிற்க, 1978 மார்ச்சில் சோமாலியா பின்வாங்கியது. 1980இல் பெர்பெராத் துறைமுக வசதிகளை அமெரிக்காவுக்கு அளித்து அதன் உதவியைப் பெற்றது. வல்லரசுகள் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. ஒகடேனின் கால்நடை மேய்ப்போர் இலட்சக்கணக்கில் ஏதிலிகளாயினர்.

இது தொலைதூரத்துச் செய்தி மாத்திரமன்று. வல்லரசு என்பதன் இடத்தில் பிராந்திய வல்லரசு ஒன்றை வைத்து நோக்கின், வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாறும் இவ்வினாவையே எழுப்பக் காணலாம். 1983 யூலை வன்செயல்களின் பின்னர் இந்தியா விடுதலைப் புலிகள், ரெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ் முதலிய இயக்கங்களின் இளைஞருக்குப் பயிற்சியும் படைக்கலமும் அளித்தது. ஒன்றோடொன்று போட்டியிட்ட இயக்கங்கள் ஒரே கையிலிருந்து ஆயுதம் பெற்றன. 1986இல் அவ்வாயுதங்கள் தம்முள் ஒருவர்மேல் ஒருவர் திரும்பின. கொடுத்தவரின் நோக்கம் யாதென்பதை 1987 யூலை 29ஆம் நாள் உடன்படிக்கையுடன் பரிமாறப்பட்ட கடிதங்கள் ஓரளவு உணர்த்துகின்றன. திருகோணமலைத் துறைமுகம், அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகள், வெளிநாட்டு இராணுவ ஆலோசகர்கள், வெளிநாட்டு வானொலி நிலையங்கள் என்பனவே அவற்றிற் பேசப்பட்டன.

அவ்வாண்டு ஒக்டோபரில் இந்திய அமைதி காக்கும் படைக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே போர் மூண்டது. முல்லைத்தீவின் அலம்பில், நித்திகைக்குளக் காடுகளில், இந்தியா ஒருகாலத்திற் பயிற்சியளித்தவர்களை இந்தியச் சிப்பாய்கள் தேடியலைந்தனர். 1989இல், இந்தியப் படையை வெளியேற்ற விரும்பிய பிரேமதாச அரசு, தான் எதிர்த்துப் போரிட்ட புலிகளுக்கே படைக்கலம் வழங்கியது. இந்தியத் துணையுடன் திரட்டப்பட்ட தமிழ்த் தேசிய இராணுவத்தில் இளைஞர் பலர் வலிந்து சேர்க்கப்பட்டனர். இந்தியப் படை நீங்கத் தொடங்கியதும் அது சிதைந்து, அதன் ஆயுதங்களும் புலிகளின் கைக்குச் சென்றன. 1990 மார்ச் 24இல் இறுதி இந்தியப் படையணி வெளியேறியது. மூன்று மாதம் கழியுமுன்னரே அரசுக்கும் புலிகளுக்குமிடையே மீண்டும் போர் மூண்டது. ஏழாண்டுகளுக்குள் நண்பர் பகைவராகவும் பகைவர் நண்பராகவும் மாறினர். படைக்கலங்கள் மட்டும் மண்ணை விட்டு நீங்கவில்லை.

இவ்விடத்திற் கொடுத்தோர் சார்பாக மூன்று நியாயங்கள் கூறப்படலாம். முதலாவது, கத்தி வடித்த கொல்லன் கொலைக்குப் பொறுப்பாளியல்லன் என்பது. கொல்லன் தன்னிடம் வருவோர் யாவர்க்கும் கத்தி விற்கின்றான். வாங்குவோனின் பகையில் அவனுக்கு நாட்டமில்லை. படை உதவி செய்யும் அரசோ பெறுபவனின் பகையை அறிந்து, அப்பகை தனக்குப் பயன்படும் எனக் கண்டே அவனைத் தேர்ந்தெடுக்கின்றது. ஆதலின் உவமை பொருந்தாது.

இரண்டாவது, யான் கொடாவிடினும் பிறர் கொடுப்பர் என்பது. இதுவே வலிமை மிக்கதும் கேடு மிக்கதுமான வாதமாகும். 2007 மே மாதத்தில், இலங்கை தன் பாதுகாப்புத் தேவைகளுக்காகச் சீனாவையோ பாகிஸ்தானையோ நாடாது இந்தியாவிடமே வரவேண்டும் என்ற கருத்தை இந்தியாவின் அன்றைய தேசிய பாதுகாப்பு ஆலோசகர் எம். கே. நாராயணன் வெளியிட்டார். அவ்வாண்டு டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் இலங்கைக்கான படை உதவியை மனித உரிமை நிபந்தனைகளுக்கு உட்படுத்தியது. சீனாவும் பாகிஸ்தானும் தொடர்ந்து வழங்கின. 2008 செப்டெம்பர் 9இல் வவுனியாப் படைத் தலைமையகம் தாக்கப்பட்டபோது, இந்திய ராடார்த் தொழில்நுட்பவியலாளர் இருவரும் காயமுற்றனர். இவ்வாறு போட்டியிட்டுக் கொடுப்போர் பலர் இருக்குமிடத்து ஒருவரின் கட்டுப்பாட்டை மற்றவரின் கொடை பயனற்றதாக்குகின்றது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போரில் நாற்பதாயிரம் வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இற் கருதியது. பிறர் செய்வர் என்பதால் ஒரு செயல் நேர்மையாகிவிடுமாயின், பலர் கூடிச் செய்யும் தீமை எதற்கும் உலகில் எவரும் பொறுப்பாகார்.

மூன்றாவது, பயன்படுத்தியவனே பொறுப்பாளி என்பது. இதில் உண்மையுண்டு. சுட்ட கையே முதற்பொறுப்பைச் சுமக்கும். அரசாயினும் இயக்கமாயினும், தான் பிறர் கைக்கருவியாயிருந்ததாகக் கூறித் தப்புதல் இயலாது. ஆயினும் பொறுப்பு என்பது ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும் பங்குக் காணியன்று. செய்தவனின் பொறுப்பு முழுமையானதாயிருக்கவே கொடுத்தவனின் பொறுப்பும் முழுமையாயிருத்தல் கூடும்.

இனி, பெறுவோர் சார்பாகவும் ஒன்று கூறப்படல் வேண்டும். 1983இல் வீடிழந்து உயிரஞ்சி ஓடியவர்க்கு எவரும் உதவாதிருந்திருப்பின் அதுவும் அறமாகாது. ஆதலால் படைக்கலம் வழங்குதல் எக்காலத்தும் தவறு என்னும் முடிவு எளிதேயன்றிச் சரியானதன்று. வலியறிதலைப் பேசும் வள்ளுவர் துணைவலியையும் எடைபோடச் சொன்னார். இக்காலத்திற் பெறுவோர் துணையின் வலியோடு துணையின் நோக்கத்தையும், அந்நோக்கம் மாறும் நாளையும் எடைபோட வேண்டியவராயுள்ளனர். கொடுப்போரும், உடன்பாடு காலாவதியானாலும் படைக்கலம் காலாவதியாவதில்லை என்பதை உணர்தல் வேண்டும்.

இதற்கு வன்னி மண்ணே சான்று. கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலைப் பகுதி முன்னரங்காயிருந்த இடம். அங்கும் வன்னியின் பிற இடங்களிலும் பாகிஸ்தானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட மிதிவெடிகள், புலிகள் தாமே தயாரித்த 'ஜொனி' மிதிவெடிகளுடன் அயலயலே புதைந்து கிடந்தன. அவற்றை மண் கிளறி எடுப்போருட் பலர் போரில் உறவிழந்த பெண்கள். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. இந்தியா, ஐக்கிய அமெரிக்கா உட்படப் பல நாடுகள் மிதிவெடி அகற்றுதற்குப் பொருளுதவி செய்தமை பாராட்டத்தக்கது. எனினும் 2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது, உலகின் பல பாகங்களில் நடைபெற்ற மிதிவெடி அகற்றும் பணிகளும் அதனுள் அடங்கின. துப்புரவு செய்தலும் கொடுப்பவரின் விருப்பாகவே கருதப்படுகின்றது என்பதை இது புலப்படுத்துகின்றது. விருப்பால் வருவது விருப்பு மாறியதும் நின்றுவிடும். கடனாக ஏற்கப்படுவதே இறுதி மிதிவெடி எடுக்கப்படும் வரை தொடரும்.

எனவே, செல்வாக்கை ஓர் அரசு விரும்பியபோது விலக்கிக்கொள்ளலாம்; பொறுப்பை அவ்வாறு விலக்கிக்கொள்ளல் இயலாது. யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுத்தோம் என்பதை வெளிப்படையாகக் கணக்குவைத்தலும், அதனால் விளைந்த கேட்டைக் களைவதற்குக் கூட்டணி மாறிய பின்னரும் நின்று உதவுதலும் படைக்கலம் வழங்கிய ஒவ்வோர் அரசுக்கும் உரிய கடன்களாகும். இவ்விரண்டையும் ஏற்க விரும்பாத அரசு, தான் கொடுப்பதை உதவி என்னும் சொல்லாற் குறித்தல் பொருந்தாது.