கையை எடுக்கும் நேரம்

பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் ஏறியிருக்கிறீர்களா? ஏரிக்குள் போகிற வரைக்கும் சுகம். முகத்துவாரம் வந்ததும் கதையே வேறு. ஏரியும் கடலும் சேருகிற இடம். மணல்திட்டு மேல் அலை உடைந்து புரளும். ஒருமுறை என்னைக் கூட்டிப்போன படகுக்காரர், அலைக்கு இந்தப் பக்கமே படகை நிறுத்திவிட்டு, வேடிக்கை பார்ப்பவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

“என்னண்ணே, போகலாமா?”

“இருங்க சார். யோசிக்கறதை இங்கேயே யோசிச்சிடணும். அலைக்குள்ள தலையக் குடுத்துட்டு யோசிக்கக் கூடாது. பாதியில பயந்து திருப்பினா படகு குறுக்கே நின்னுடும். அவ்ளோதான்.”

“நடுவுல என்ஜின் நின்னுட்டா?”

“துடுப்பு இருக்கில்ல? மூக்கு அலையைப் பார்த்தே இருக்கணும், அதான் முக்கியம்.”

விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் இப்படி ஒரு முகத்துவாரம் உண்டு. ‘வி ஒன்’ என்று பெயர். பெரிய ஜெட் விமானத்துக்கு மணிக்கு 250, 300 கிலோமீட்டர் வாக்கில் வரும் ஒரு வேகம். எடை, காற்று, வெயில், ஓடுபாதையின் நீளம் எல்லாம் பார்த்து, ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்பே கணக்குப் போட்டு வைத்துவிடுவார்கள். அந்த வேகம் வருவதற்குள் ஒரு என்ஜின் போனால் பிரேக். தாண்டிவிட்டால், மிச்சமுள்ள என்ஜினோடு ஏறித்தான் ஆகவேண்டும். ஏறும்படிதான் விமானத்தையும் செய்திருக்கிறார்கள். ‘வி ஒன்’ என்ற குரல் கேட்டதும் கேப்டன் என்ஜின் லீவரிலிருந்து கையை எடுத்துவிடுவார். நிறுத்தலாமா என்கிற சபலம்கூட கைக்கு வரக்கூடாதாம்! மேலே போன பிறகும் பதறுவது கிடையாது. நேராகப் பறக்கவைத்து, 400 அடியாவது ஏறிய பிறகுதான், இரண்டு பேரும் பார்த்து உறுதி செய்துகொண்டு, கெட்டுப்போன என்ஜினை அணைப்பார்கள். 1989-ல் இங்கிலாந்தில் கெக்வொர்த் பக்கத்தில் விழுந்த போயிங் 737-ல், அவசரத்தில் நல்ல என்ஜினை அணைத்துவிட்டார்கள். 47 பேர் போய்விட்டார்கள்.

பி.காம். படித்தபோது, ‘போட்ட முதலைப் பார்க்காதே, இனி வருவதைப் பார்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். வி ஒன்னும் அதே கணக்குதான். ஓடி முடித்த ஓடுபாதை செல்லாக்காசு. மிச்சமிருப்பதில் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. நாமோ வேலை, கல்யாணம், கடன் என்று எல்லாவற்றிலும் தாண்டிய பிறகுதான் யோசிக்கவே உட்காருகிறோம்.

ஆனால், ஒன்று உறுத்துகிறது. முன்பே எடுத்த முடிவுக்குக் கட்டுப்படுவது சரி. முன்பே யாரும் யோசிக்காதது வந்தால்?

1982 செப்டம்பரில் ஸ்பெயினின் மலாகாவில் ஒரு டிசி-10. வி ஒன் தாண்டி, மூக்கைத் தூக்கும்போது பயங்கர அதிர்வு. என்ஜின்கள் மூன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிய்ந்தது முன்சக்கர டயர். கேப்டனுக்கு அது தெரிய வழியில்லை. இது பறக்காது என்று பயந்து நிறுத்தப் பார்த்தார். ஓடுபாதை போதவில்லை. 394 பேரில் 50 பேர் இறந்தார்கள். விதியை மீறியவர்தான். இருந்தும், அந்தச் சூழ்நிலையில் அவர் முடிவு நியாயமானதே என்றது விசாரணை அறிக்கை. என்ஜின் கோளாறுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்களே தவிர, டயருக்குக் கொடுக்கவில்லை. எனக்கும் அவரைக் குற்றவாளி என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த 50 பேரின் வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்வாயா என்றால், அதற்கும் வாய் வரவில்லை.

அன்றைக்கு நாங்கள் கடலுக்குப் போகவில்லை. அரைமணி நேரம் அலையைப் பார்த்துவிட்டு, அண்ணன் படகை ஏரிப் பக்கம் திருப்பினார்.

“இவ்ளோ தூரம் வந்த எண்ணெய் வீணாப் போச்சேண்ணே” என்றேன், பி.காம். படித்தவன்.

அவர் பதிலே சொல்லவில்லை.