தெய்வம் நடந்த தேதி

சாதாரண மனிதர்கள் தங்கள் ஊர் மழையையும் பனியையும் பூப்பையும் குறித்துவைக்கும் பழக்கத்துக்குக் 'குடிமக்கள் அறிவியல்' என்று இப்போது ஒரு பெயர் வந்திருக்கிறது. பருவநிலை மாற்றத்தை அறிய இந்த உள்ளூர்க் குறிப்புகள் தேச எல்லைகளைத் தாண்டி ஒன்றுசேர வேண்டும் என்கிறார்கள். சேரத்தான் வேண்டும். எதை விட்டுவிட்டுச் சேர்வது என்பதே என் விசாரம்.

ஜப்பானின் நாகானோ பகுதியில் சுவா என்றொரு ஏரி. அது உறைந்த நாளை 1443 முதல் ஷிண்டோ கோயில்காரர்கள் எழுதிவந்திருக்கிறார்கள். ஏரி முழுக்க உறைந்தபின் இரவுக் குளிரில் பனிக்கட்டி சுருங்கி வெடிக்கிறது. வெடிப்பில் ஏறிய நீரும் உறைகிறது. பகலில் கட்டி விரியும்போது இடம் போதாமல் அந்தக் கோட்டில் வரப்புப்போல மேலெழும்புகிறது. இது பௌதிகம். ஊருக்கோ, மேல்கோயிலின் ஆண் தெய்வம் அக்கரையிலுள்ள மனைவியைப் பார்க்க நடந்துபோன தடம் அது. ஏட்டில் ஏறியது தெய்வம் நடந்த தேதி.

ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே ஓடுவது டோர்னே ஆறு. டோர்னியோ ஊரில் ஓலோஃப் ஆல்போம் என்ற வியாபாரி, வசந்தத்தில் ஆற்றுப் பனி உடையும் நாளை 1693இல் எழுதத் தொடங்கினார். ருஷ்யப் படை வந்தபோது ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. சில ஆண்டுகள் விடுபட்டன. 1809இல் அந்த ஆறே எல்லைக்கோடாயிற்று.

சப்னா சர்மா, ஜான் மாக்னுசன் முதலியோர் 2016இல் இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே கட்டுரையில் அருகருகே வைத்தார்கள். சுவா ஏரி உறையாத குளிர்காலங்கள் முதல் 250 ஆண்டுகளில் 3. 2005 முதல் 2014 வரை மட்டும் 5. டோர்னேயில் பனி உடையும் நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. தனித்தனியே ஊர்ச் செய்தியாகக் கிடந்தவை சேர்ந்தபோது சாட்சியமாயின. இதன் பெறுமானத்தை நான் மறுக்கவில்லை.

சேர்ப்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. ஜப்பானில் 1872 வரை சந்திரனை ஒட்டிய மாதக் கணக்கு. ஸ்வீடன் கதை இன்னும் வேடிக்கை. காலண்டரை மாற்றப்போய்க் குழம்பி, பழையபடி திரும்புவதற்காக 1712இல் பிப்ரவரி 30 என்றே ஒரு நாளை வைத்தார்கள்! இவற்றையெல்லாம் சரிக்கட்டினால் தேதி எல்லை தாண்டிவிடுகிறது. தெய்வம் இந்தக் கரையிலேயே நின்றுவிடுகிறது. அட்டவணையில் அதற்குக் கட்டமில்லை.

நின்றால் என்ன என்று கேட்கலாம். ஐந்நூறு வருஷங்களுக்கு மேல், தலைமுறை தலைமுறையாக, அந்தக் குளிரில் ஆட்களை ஏரிக்கரைக்கு இழுத்தது எது? அட்டவணை கழித்துக்கட்டிய அந்தக் காரணம்தான் அட்டவணைக்கே முதல். காரணம் புனிதமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அலாஸ்காவின் நெனானாவில் 1917 முதல் ஆற்றுப் பனி உடையும் நேரத்தின்மேல் பணம் கட்டிப் பந்தயம் நடக்கிறது. சூதாட்டத்தின் கறார் அந்தக் கணக்கையும் நம்பத்தக்க ஆவணமாக்கிவிட்டது.

இன்று எல்லை தாண்டி வளர விரும்பும் திட்டங்கள் ஒரே கருவி, ஒரே படிவம், ஒரே நேரம் என்கின்றன. அளவையில் இந்தக் கண்டிப்பு நியாயம். கோணலாக நட்ட மழைமானி பக்தியால் நிமிராது. படிவத்தோடு காரணத்தையும் அச்சடித்து அனுப்பும்போதுதான் எனக்கு உடன்பாடில்லை. பூமியைக் காப்பாற்ற என்று ஒருவர் இரண்டு வருஷம் மழை அளப்பார். தன் குளத்துக்காக, அல்லது செத்துப்போன அப்பா அளந்தார் என்பதற்காக, நாற்பது வருஷம் அளப்பார். அளவை பொதுவாகட்டும், காரணம் அவரவருடையதாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. இன்னொன்று, கணக்கு திரும்பி வர வேண்டும். தங்கள் ஏரியைப் பற்றி வெளியே என்ன தெரிந்துகொண்டார்கள் என்பது, தங்கள் மொழியில், அந்தக் கரைக்கு வந்து சேர வேண்டும். அளந்தவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி அது.

சுவாவில் 2018இல் வரப்பு எழுந்தது. 2019 முதல் 2025 வரை ஒரு குளிர்காலத்தில்கூட எழவில்லை. யாட்சுருகி கோயில் பூசகரும் ஊர்க்காரர்களும் அந்த வருஷங்களிலும் விடியலில் கரைக்குப் போனார்கள். தெய்வம் நடக்காத வருஷத்துக்கும் அங்கே பெயர் உண்டு: 'ஆகே நோ உமி', திறந்த கடல். அதையும் ஏட்டில் எழுதினார்கள்.