தொழுவில் ஓர் ஆடு

விடிவதற்கு முன்பே பெரியவர் எழுந்துவிடுகிறார். திண்ணையோரம் துழாவித் தொரட்டிக் கம்பைத் தேடுகிறார். "ஆட்டைப் பத்தணும் தாயி, வெயில் ஏறிரும்" என்கிறார் மருமகளிடம். தொழுவில் ஆடு இல்லை. நாலு மாதத்துக்கு முன்பே எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் எல்லாவற்றையும் விற்றாகிவிட்டது. "மேயப் போயிருக்கு மாமா, பொழுதடைஞ்சதும் வந்துரும்" என்கிறார் மருமகள். பெரியவர் உட்காருகிறார். அரைமணி கழித்து மறுபடியும் கம்பைத் தேடுகிறார்.

இதை எந்தக் குறிப்பிட்ட வீட்டின் கதையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விருதுநகர் மாவட்டத்துப் பரளச்சியைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். மறதி நோய் வந்தவரிடமிருந்து அவர் வளர்த்த உயிரைப் பிரிப்பது சரியா? பிரிக்காமல் விட்டால் அந்த உயிருக்கும், இரண்டையும் கவனிக்க வேண்டிய ஆளுக்கும் நியாயம் கிடைக்குமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கரிசலும் கண்மாயும் சீமைக்கருவேலமுமான மானாவாரிச் சீமை. மழை பொய்த்தால் வெள்ளாமை கைவிடும், ஆடு கைவிடாது. பிள்ளையின் படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஆடுதான் கைமுதல். 2011இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லாமல் நான்கு ஆடுகள் கொடுக்கத் தொடங்கியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். 'செல்லப் பிராணி' என்ற சொல் இங்கே பொருந்தாது. ஆனால் ஐம்பது வருஷம் ஒருவர் ஆட்டோடு அலைந்தபின் அதை வெறும் கைமுதல் என்று சொல்லிவிடவும் முடியாது.

அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் விகிதம் கூடுதல். ஊரில் இதற்குப் பெயர் 'வயசான மறதி'. மேய்க்கப் போனவர் வழி தெரியாமல் நின்ற பிறகுதான் பல வீடுகளில் இது நோய் என்ற சந்தேகமே எழுகிறது. அப்போது குடும்பம் எடுக்கும் முதல் முடிவு ஆட்டை விற்பது.

அந்த முடிவில் கொடுமை எதுவும் இல்லை. ஆட்டுக்குச் சோளம் வைத்ததை மறந்து பெரியவர் மறுபடியும் வைப்பார். தானியம் மிஞ்சினால் ஆட்டின் வயிறு உப்பி, காப்பாற்றுவதற்குள் செத்துப்போகும். இன்னொரு நாள் வெயிலில் கட்டிவிட்டுத் தண்ணீர் காட்ட மறப்பார். கயிறு காலில் சிக்கி அவரே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மறுபடி பழையபடி நடப்பது கடினம். பெரியவரின் பாதுகாப்பு, ஆட்டின் உயிர், வீட்டின் வருமானம் என எல்லாக் காரணமும் விற்கத்தான் சொல்கின்றன.

மறுபக்கத்திலும் காரணம் உண்டு. நேற்றைய சோறு நினைவிலிருந்து போய்விட்டாலும் கை பழகிய வேலை சீக்கிரம் போவதில்லை. பேரன் பெயர் தெரியாதவர் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்லிவிடக்கூடும். நாளெல்லாம் தப்பு செய்பவராகவே நடத்தப்படுகிறவருக்கு, தப்பில்லாமல் செய்ய ஒரு வேலை மிச்சமிருப்பது சின்ன விஷயமா?

ஆராய்ச்சி இதில் அடக்கமாகத்தான் பேசுகிறது. அமெரிக்காவில் நான்சி எட்வர்ட்ஸும் ஆலன் பெக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லங்களின் சாப்பாட்டு அறையில் மீன்தொட்டி வைத்தார்கள். டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோய் வந்து அங்கிருந்த 62 பேர் சாப்பிட்ட அளவு 21 சதவீதம் கூடியது. மீனுக்கு அவர்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கண்முன்னே ஓர் உயிர் அசைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் 2019இல் காக்ரேன் அமைப்பு, 305 டிமென்ஷியா நோயாளிகளைக் கொண்டு விலங்குத் துணையைச் சோதித்த 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்தபோது, மனச்சோர்வு சற்றுக் குறையலாம் என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்ல முடியவில்லை. அந்த விலங்குகளுக்கு என்ன ஆனது என்ற தரவும் கிடைக்கவில்லை. ஆடு மருந்து என்று சொல்லி மனிதருக்குப் பக்கத்தில் கட்டுகிறவர்கள், ஆட்டின் பக்கத்தையும் கேட்டாக வேண்டும்.

திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணரின் வாழ்வில் அதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. திருவண்ணாமலை ஆசிரமத்தில் வளர்ந்த லட்சுமி என்ற பசு 1948 ஜூன் 18 அன்று இறந்தது. அதன் கடைசி நேரத்தில் ரமணர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மனிதருக்குச் செய்வதுபோல அதற்குச் சமாதியும் வைத்தார்கள். அந்தப் பசு எதற்குப் பயன்பட்டது என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

சட்டமும் இரண்டு பக்கத்தைத் தொடுகிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி, ஒரு பிராணியைக் கவனிக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அதன் நலத்துக்குக் கடமைப்பட்டவர். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிள்ளைகள் என்று மகன், மகள், பேரன், பேத்தியைச் சொல்கிறது. மருமகளைச் சொல்லவில்லை. பரளச்சிப் பக்கம் மகன் திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பான். மாமனாரைக் குளிப்பாட்டுவதும், தொழுவைக் கூட்டுவதும், ராத்திரி அவர் வெளியே போய்விடாமல் கதவோரம் படுப்பதும் மருமகள்தான். "அப்பாவுக்குத் துணையா ஓர் ஆடு இருக்கட்டும்" என்று போனில் சொல்வது எளிது. அந்த முடிவுக்கு முதல் உரிமை, அதைத் தினமும் சுமக்கப்போகிறவருக்கு. அவர் முடியாது என்றால், அந்தப் பதிலை ஏற்றுக்கொள்வதுதான் நியாயம்.

விற்றபின் சொல்லும் பொய்யையும் எடைபோட வேண்டும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். காட்சி மறந்த பிறகும் சோகம் மறையவில்லை. ஆடு விற்றாகிவிட்டது என்று ஒவ்வொரு காலையும் பெரியவரிடம் சொன்னால், ஒவ்வொரு காலையும் புதிதாக இழப்பார். காரணம் மறந்துபோகும், துக்கம் மட்டும் தங்கிவிடும். ஆகவே "மேயப் போயிருக்கு" என்பது இரக்கமுள்ள சொல். ஆனால் அதே சொல் இன்னொன்றையும் மூடிவிடலாம். ஆடு அவருடையது. விற்ற பணம் அவருடைய மருந்துக்கும் கவனிப்புக்கும் போனதா, வேறு கடனுக்குப் போனதா? கேட்கத் தெரியாதவரிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடக் கூடாது.

விற்பதா, வைப்பதா என்று இரண்டாகப் பிரிப்பதில்தான் கோளாறு. பிரிக்க வேண்டியது பொறுப்பை, உறவை அல்ல. மருமகள் ஒத்துக்கொண்டால் மற்ற ஆடுகளை விற்றுவிட்டு, சாதுவான ஒரு பெட்டையாட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெரியவர் உட்காரும் இடத்திலிருந்து தெரியும்படி வேப்பமர நிழலில், கயிறு நடைபாதைக்கு வராத தூரத்தில் கட்டலாம். சோளப் பானை பூட்டிய அறைக்குள் இருக்கட்டும். தண்ணீரும் தீனியும் வீட்டார் கணக்கு. வேலைக்கான கூலியை மகன் மாதாமாதம் அனுப்ப வேண்டும், விடுமுறையில் வந்து மருமகளுக்கு ஓய்வு கொடுக்கவும் வேண்டும். பெரியவர் காலமான மறுவாரமே அந்த ஆட்டைச் சந்தைக்கு ஓட்டக் கூடாது என்பதையும் இப்போதே பேசி முடிக்க வேண்டும். துணைக்கு வைத்த உயிருக்கு அந்தக் கடன் உண்டு.

அப்படி ஒரு வீட்டில் பொழுது சாயும் நேரம் இப்படி இருக்கும். மருமகள் சொளகில் அளவாகக் கருவேல நெற்றைப் போட்டுப் பெரியவர் மடியில் வைக்கிறார். அவர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுகிறார். ஆடு அவர் விரலை விட்டுவிட்டு நெற்றை மட்டும் உருவிக்கொள்கிறது. சொளகு காலியானதும் அதன் காதைத் தடவியபடி கேட்கிறார்: "எல்லாத்தையும் பத்திட்டு வந்தாச்சா தாயி?"

"வந்தாச்சு மாமா."