நீலாஞ்சனையைக் கண்ட கண்

ஆதிபகவனின் திருவடிகளை மனத்திலிருத்தி இவ்வுரையைத் தொடங்குகின்றோம்.

சென்ற தசலட்சண நோன்பு நாள்களில் ஒரு மாலை, நம் ஊர் ஜினாலயத்தில் சுவாத்தியாயம் முடிந்து யாவரும் அமர்ந்திருந்தோம். மும்பையில் பணியாற்றும் உறவினர் மகன் ஒருவன், விடுமுறைக்கு வந்திருந்தவன், தயங்கித் தயங்கி ஒரு வினாவை எழுப்பினான்.

"பாட்டி, மேல்நாடுகளில் பெண்கள் ஆடை களைந்து ஆடும் விடுதிகள் இருக்கின்றன. மும்பையில் மதுக்கூடங்களில் பெண்கள் ஆடுகிறார்கள். ஆடுபவள் தன் விருப்பத்தால் ஆடுகிறாள். பார்ப்பவன் தன் பணத்தைக் கொடுத்துப் பார்க்கிறான். யாரும் யாரையும் அடிக்கவில்லை, கொல்லவில்லை. இதில் இம்சை எங்கே இருக்கிறது? இன்றைய சமுதாயத்தில் இவற்றுக்கு இடம் இருந்தால்தான் என்ன?"

அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "கோயிலில் கேட்கிற கேள்வியா இது?" என்று கடிந்துகொண்டார். நாம் அவ்வாறு கருதவில்லை. இளைஞன் கோயிலில் கேட்கக் கூசும் கேள்விக்கு வேறிடத்தில் விடை தேடிக்கொள்வான். ஆசிரியப் பயிற்சி பெற வந்தோர்க்குப் பல்லாண்டுகள் கற்பித்தவர் நாம். வினா எழுப்பிய மாணவனை அதட்டி உட்கார வைக்கும் ஆசிரியர் அந்த நொடியே ஆசிரியராக இருப்பதை நிறுத்திவிடுகிறார் என்று அவர்களுக்குச் சொல்லி வந்தோம். ஆகவே அன்று அவனுக்குக் கூறிய விடையை, இல்லங்கள்தோறும் எண்ணிப் பார்ப்பதற்காக ஈண்டு விரித்து எழுதுகின்றோம்.

முதற்கண் நிகழ்ந்தவற்றை அறிந்துகொள்வோம். மகாராட்டிரத்தில் 'டான்ஸ் பார்' எனப்படும் நடன மதுக்கூடங்களை அம்மாநில அரசு 2005ஆம் ஆண்டு தடை செய்தது. பம்பாய்க் காவல் சட்டத்தைத் திருத்தி இத்தடை கொண்டுவரப்பட்டது. ஆயினும் மூன்று நட்சத்திர விடுதிகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் அதே திருத்தத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. 2006இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையைச் செல்லாது என்றது. 2013 ஜூலையில் உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. எளிய மதுக்கூடத்தில் ஆடினால் ஒழுக்கக்கேடு, செல்வர் விடுதியில் ஆடினால் கலை என்ற பாகுபாட்டை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. தடையினால் 75,000க்கு மேற்பட்ட பெண்கள் வேலையிழந்தனர் என்பதும், அவர்களுள் பலர் பிழைப்பின்றி விபசாரத்திற்குத் தள்ளப்பட்டனர் என்பதும் உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றன. 2014இல் மீண்டும் ஒரு தடை வந்தது. 2015இல் உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2016இல் கடுமையான நிபந்தனைகளுடன் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2019 ஜனவரியில் அந்நிபந்தனைகள் பலவற்றை உச்சநீதிமன்றம் நீக்கியது. ஆயினும் ஆடுபவர்மீது பணத்தாள்களை வாரி இறைக்கக் கூடாது என்ற விதியை நிலைக்கச் செய்தது.

அந்த விதியைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் தலைமீது பணத்தை இறைப்பவன் அவளுக்குக் கொடுக்கவில்லை. தன் செருக்கையே இறைக்கின்றான். கீழே சிதறியதை அவள் குனிந்து பொறுக்க வேண்டும். அவ்விடங்களில் பெண்கள் பெரும்பாலும் சேலையும் பாவாடையும் உடுத்தித் திரைப்பாடல்களுக்கு ஆடினர். மேல்நாட்டு விடுதிகளிலோ ஆடை களைந்து ஆடுகின்றனர். ஆடையளவில் வேறுபாடு உண்டு. எதிரே அமர்ந்திருப்பவனின் உள்ளத்தில் வேறுபாடு இல்லை.

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். 2005இல் தடைச் செய்தி வந்தபொழுது நாம் பணியில் இருந்தோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அச்செய்தியைப் படித்துக் காட்டி, "நாட்டில் அறம் இன்னும் சாகவில்லை" என்று பெருமிதத்துடன் பேசினோம். கூட்டம் கலைந்த பின் பயிற்சி மாணவி ஒருத்தி நம் அறைக்கு வந்தாள். கூலி வேலை செய்யும் தாயினால் படிக்க வைக்கப்பட்ட பெண். "அம்மா, அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்கள் நாளைக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள். நம்மிடம் விடை இல்லை. "அதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டோம். வினா எழுப்புவோரை அதட்டக் கூடாது என்று கற்பித்த நாமே, மெல்லிய குரலில் அவளை அதட்டி அனுப்பினோம். அவ்வளவு பெண்களையும் நாம் ஒரு செய்தியாகவே பார்த்தோம். உயிர்களாகப் பார்த்தவள் அம்மாணவி ஒருத்தியே.

இதனை உணர்ந்தபொழுது நமக்கு நீலாஞ்சனையின் வரலாறு புதுப் பொருள் தந்தது. பஞ்சகல்யாண விழாக்களில் நம் சிறுமியர் நீலாஞ்சனையாக ஆடுவதை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். ஸ்ரீபுராணத்தில் பயின்ற கதைதான்; எனினும் மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.

விருஷப தேவர் அயோத்தியில் அரசாட்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய ஆயுளில் 83 லட்சம் பூர்வங்கள் கழிந்துவிட்டன. உலகுக்கு அறநெறி காட்ட வேண்டிய பெருமான் இன்னும் அரச போகத்தில் இருக்கின்றாரே என்று தேவேந்திரன் எண்ணினான். ஆயுள் முடியும் தறுவாயில் இருந்த நீலாஞ்சனை என்னும் தேவமங்கையை அரசவையில் ஆடச் செய்தான். அவை மயங்கியிருந்தது. ஆடிக்கொண்டிருக்கும்பொழுதே அவள் ஆயுள் முடிந்து, மின்னல் போல் மறைந்தாள். ஆட்டத்தின் சுவை கெடாதிருக்கும்பொருட்டு, இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற வேறொருத்தியை அவ்விடத்தில் தோற்றுவித்தான். தாளம் நிற்கவில்லை. பாட்டு நிற்கவில்லை. அவையோர் ஒருவரும் அறியவில்லை. விருஷப தேவர் ஒருவரே அறிந்தார். அப்பொழுதே அவருக்கு வைராக்கியம் பிறந்தது. பரதனுக்கு முடிசூட்டித் துறவு பூண்டார்.

யாக்கை நிலையாமையைக் கூறும் கதை என்று இதனை நாம் கற்பித்து வந்திருக்கிறோம். அது சரியே. அதனோடு வேறொன்றும் இதில் உண்டு. அவை நிறைய அமர்ந்திருந்தோர் கண்டது ஆட்டத்தை. ஆகவேதான் ஆடுபவள் மாறியதும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி போனாலென்ன, மற்றொருத்தி ஆடுகின்றாளே! பகவான் கண்டது உயிரை. ஆகவேதான் அது பிரிந்தது அவருக்குத் தெரிந்தது.

மும்பை மதுக்கூடத்திலும் மேல்நாட்டு விடுதியிலும் நடப்பது இந்திரன் செய்த மாற்றமே. இன்று ஆடியவள் நோயுற்றாலோ முதுமையடைந்தாலோ நாளை அவ்விடத்தில் வேறொருத்தி நிற்பாள். பார்ப்பவன் அறியமாட்டான். அறிய விரும்பவும் மாட்டான். உயிரை உயிராகக் காணாதிருப்பதே அவன் பணம் கொடுத்து வாங்கும் இன்பம்.

இனி அவ்விளைஞன் கேட்ட வினாவுக்கு வருவோம். இதில் இம்சை எங்கே? உமாஸ்வாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில், பிரமாதத்தோடு, அதாவது விழிப்பற்ற உள்ளத்தோடு, உயிருக்குச் செய்யும் ஊறே இம்சை என்று வகுத்தார். கத்தி வேண்டும் என்று அவர் கூறவில்லை. வினைகள் வந்து சேரும் வாயில்களைக் கூறுமிடத்தில் கிருதம், காரிதம், அனுமோதனம் என மூன்றினை வைத்தார். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்பட்டு மகிழ்தல் என்பன அவை. விடுதி நடத்துவோன் செய்விக்கின்றான். கட்டணம் கொடுப்போனும் செய்விக்கின்றான். கைதட்டி இரசிப்போன் உடன்படுகின்றான். "நான் வெறுமனே பார்த்தேன்" என்னும் சொல்லுக்கு ஜினதருமத்தில் இடமில்லை. பிரமசரிய விரதத்தைக் காக்கும் பாவனைகளுள், காமத்தைத் தூண்டும் நோக்கத்தோடு உடலழகைப் பார்த்தலை விடுதலும் ஒன்றாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

"ஆடுபவள் விரும்பித்தானே ஆடுகின்றாள்?" விரும்பி ஆடுவோரும் இருக்கக் கூடும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வேறு வழிகள் பல இருந்தும் ஒன்றைத் தேர்வது விருப்பம். ஒரே வழி இருக்க அதில் செல்வது நிர்ப்பந்தம். பார்ப்பவன் இவ்விரண்டையும் பிரித்தறிய முயல்வதில்லை. அவள் விருப்பம் எதுவாயினும், அவன் உள்ளத்தில் எழும் கலக்கம் அவனுடையதே. அவ்வினையை வேறொருவர் கழிக்க இயலாது.

அங்ஙனமாயின் சமுதாயத்தில் இவற்றுக்கு இடம் உண்டா? இல்லை என்பதே நம் விடை. இவ்விடையைச் சமயத்தார் மட்டுமே கூறுவதாகவும் எண்ண வேண்டா. ஐஸ்லாந்து நாட்டு நாடாளுமன்றம் 2010இல் இத்தகைய விடுதிகளுக்குத் தடை விதித்தது. ஆண் பெண் சமத்துவமே அங்கு முன்வைக்கப்பட்ட காரணம். சமயக் கட்டளை அன்று.

ஆனால் நம் விடை அத்தோடு முடியவில்லை. கதவை மட்டும் மூடுவது அறமாகாது. உள்ளிருந்து வெளியேறும் பெண்ணுக்கு உண்ண உணவும் செய்யத் தொழிலும் இல்லையேல், ஓர் இம்சையை நீக்க மற்றோர் இம்சையைச் செய்தவராவோம். மேலும், விரதம் என்பது தானே ஏற்பது. சட்டம் விடுதியை மூடலாம், கண்ணை மூடாது. இன்று கைப்பேசியில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு விடுதி திறந்தே இருக்கின்றது. நம் தமிழ்நாட்டிலும் திருவிழாக் காலங்களில் 'ஆடல் பாடல்' என்ற பெயரில் நடப்பவற்றை நாம் அறிவோம். மும்பையைச் சுட்டும் விரல் அவற்றையும் சுட்ட வேண்டும்.

மேடையில் ஆடியவரை இழிவாகப் பேசும் வழக்கத்தையும் நாம் விட வேண்டும். சிலப்பதிகாரத்து மாதவியை நினையுங்கள். 1008 கழஞ்சு பொன் பெறும் மாலைக்கு அவள் விலை பேசப்பட்டாள். மாலையை வாங்கியவன் கோவலன். பின்னாளில் அவன் இறந்த செய்தி கேட்டு, போகம் அனைத்தையும் துறந்து அறவழி சேர்ந்தவள் அந்த மாதவியே. விலை கூறப்பட்ட உயிருக்குள்ளும் வினையை வெல்லும் ஆற்றல் குறைவின்றி இருக்கிறது.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை இரண்டினைக் கூறி முடிக்கின்றோம். வெளியூர் செல்லும் பிள்ளைகளுக்கு, "அங்கே போகாதே" என்பதோடு, "எதிரே நிற்பது ஓர் உயிர் என்று பார்" எனக் கற்றுக்கொடுங்கள். அடுத்த தசலட்சண நோன்பில், இழிந்த காட்சிகளைப் பாரேன், பிறர்க்கு அனுப்பேன் என்ற நியமத்தை ஆண்களும் பெண்களும் ஆதிநாதர் சந்நிதியில் ஏற்றுக்கொள்ளுங்கள். நால்வகைத் தானங்களில் சாத்திர தானமும் அபய தானமும் உண்டன்றோ? ஏழைப் பெண் ஒருத்தியின் படிப்புச் செலவை ஏற்பது அவ்விரண்டும் ஒருங்கே ஆகும். வேறு வழி இருக்கும் பெண்ணை எவரும் விலை பேச முடியாது.

அன்று நம் அறையிலிருந்து விடையின்றிச் சென்ற மாணவிக்கு, இத்தனை ஆண்டுகள் கழித்து நாம் தரும் விடையும் இதுவே. அவள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஜினதருமம் வளர்க! எல்லா உயிர்களும் இன்புறுக!