பாரணையும் விரதமே



ஐப்பசித் திங்கள் நம்மவர்க்கு நோன்பும் விருந்தும் ஒன்றையொன்று தொடர்ந்து வருங் காலமாகும். புரட்டாதி வளர்பிறைத் தசமி தொடங்கி 21 நாள் அனுட்டிக்கப்படும் கேதாரகௌரி விரதம் ஐப்பசி அமாவாசையில் நிறைவெய்துகின்றது. தீபாவளி அதனை ஒட்டியே வருகின்றது. அமாவாசைக்கு அடுத்த பிரதமையிலே கந்தசட்டி விரதந் தொடங்கி, ஆறு நாள் நிகழ்ந்து, ஏழாம் நாட் காலையிற் பாரணையோடு முடிகின்றது. சில கிழமைக்குள் வயிறு சுருங்கியும், பலகாரத்தாற் பெருகியும், மீண்டும் சுருங்கியும் அலைப்புறுகின்றது. விரதங் காக்க விதி கூறுவார் பலர். விரதம் முடிந்தபின் உண்ணும் முறை கூறுவாரோ சிலர். அக்குறை நோக்கியே இச்சில கூறப் புகுந்தோம்.

விரதமாவது யாது? ஆறுமுக நாவலர் (1822–1879) தமது சைவ வினாவிடையிலே, உணவை விடுதலை மாத்திரமன்றிச் சுருக்குதலையும் விரதத்துள் அடக்கி, மனம் பொறிவழிச் செல்லாது நிற்றலையும் மெய்யன்போடு வழிபடுதலையுமே அதன் கருத்தாகக் காட்டினர். ஆகலின் பசி கருவி. அடக்கமும் அன்பும் பயன். ஆறு நாள் ஈட்டிய அடக்கத்தை ஏழாம் நாட் காலையில் ஒரு பந்தியிலே இழந்துவிடுவோன் கருவியைப் பெற்றான், பயனைப் பெற்றானல்லன். பாரணை விரதத்தினின்றும் விடுதலையன்று. அது விரதத்தின் இறுதி உறுப்பாம்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு மாத்தளை மாவட்டத்திலேயே உண்டு. மாணாக்கரோடு சீகிரியாவுக்குச் சென்ற ஆசிரியர்கள், குன்றின் அடிவாரத்துப் பூங்காவிலே காசியப்ப மன்னன் (477–495) காலத்து நீரூற்றுக்களைக் கண்டிருப்பர். நிலத்தின்கீழ் அமைந்த வழிகளால் வரும் நீர், துளையிட்ட கற்பலகைகளினூடே மேலெழுகின்றது. மழை மிக்க காலத்தில் அவ்வூற்றுக்கள் இன்றும் எழக் காணலாம். வழியும் அளவும் உண்மையால் அந்நீர் ஊற்றாயிற்று. கரையுடைத்துப் பாயுமாயின் அதுவே பூங்காவை அழிக்கும் வெள்ளமாம். நோன்பிருந்த உடம்பிற் புகும் உணவும் இத்தன்மையதே.

உடனூல் வல்லார் கூறுவதும் இதுவே. உணவு நின்றவழி, உடம்பு ஈரலிற் சேர்த்த சர்க்கரையை ஏறத்தாழ ஒரு நாளிற் செலவிட்டுப் பின்பு கொழுப்பையும் தசையையும் எரிக்கத் தொடங்கும். அந்நிலையிற் சோறும் இனிப்பும் திடீரெனப் பெருக உட்சென்றால் இன்சுலின் மிகச் சுரக்கும். இரத்தத்திலுள்ள பொஸ்பேற்று, பொற்றாசியம், மக்னீசியம் என்னும் உப்புக்கள் உயிரணுக்களுள் இழுக்கப்பட்டுக் குறைந்துபோம். அதனால் இருதயமும் மூச்சும் தளர்தல் கூடும். 5 நாளுக்கு மேல் உணவு மிகக் குறைந்த நோயாளருக்கு, முதல் 2 நாளும் தேவையிற் பாதிக்கு மேற்படாமல் ஊட்டத் தொடங்குகவென இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் விதித்தது. பாலும் பழமும் கொண்டு நோற்கும் நலமுடையார்க்கு இவ்விடர் அரிது. நீர் மாத்திரமே அருந்தி ஆறு நாளும் இருந்தோர், மெலிந்தோர், முதியோர் ஆகியோர்க்கு இது வெறுஞ் சொல்லன்று.

திருவள்ளுவரும் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்திலே மருந்தின் வகையை விரித்தாரல்லர். உணவின் அளவையே பெரிதும் பேசினர். முன்னுண்டது செரித்தமை உணர்ந்து பசிக்கேற்ப உண்ணுதலே நோய்க்குத் தடையென்பது அவர் கருத்து.

ஆதலிற் பாரணை செய்யுமாறு: நீராடித் திருநீறு அணிந்து வழிபாடு முடித்தபின், முதலில் இளஞ்சூட்டு நீரைச் சிறிது சிறிதாகப் பருகுக. அடுத்து அரிசிக்கஞ்சியோ பயற்றங்கஞ்சியோ ஒரு கிண்ணம் கொள்க. சீகிரியாப் பக்கத்துச் சிங்கள அயலவர் காலையிற் பருகும் இலைக்கஞ்சியும் நன்று. சில மணிநேரஞ் சென்றபின் குழைந்த சோறு, பருப்பு, கீரை, கனிந்த பழம் என்பவற்றை அளவாக உண்க. வடையும் முறுக்கும் அதிரசமும் பாயசமும் ஓரிரு நாள் பொறுத்திருக்கட்டும். ஏகாதசி நோற்பார் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயுஞ் சேர்ப்பதும், நம் முஸ்லிம் அயலவர் பேரீச்சம்பழமும் நீருங் கொண்டு நோன்பு துறப்பதும், எளியதிற் றொடங்குக என்னும் ஒரே அறிவைக் காட்டுகின்றன.

ஆசிரியர்க்குரிய கடமை மூன்று. முதலாவது, வளரும் பிள்ளைகளையும் நோயுற்றோரையும் முழுப்பட்டினிக்குத் தூண்டாதிருத்தல். ஆறு நாளும் இயலாதார் முதலைந்து நாளும் ஒருபொழுது உண்டு சட்டியன்று உபவசித்தலை மரபே இசைகின்றது. அதுவும் இயலாதார் பாலும் பழமும் கொள்க. இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ கொள்வோர் உணவை விட்டாற் சர்க்கரை வீழ்ந்து மயங்குதல் கூடும். அவர் மருத்துவரைக் கேளாது நோற்றலாகாது. இரண்டாவது, பாரணை நாளிலும் மறுநாளிலும் மாணாக்கரை ஓட்டப்பந்தயத்துக்கோ, ஏறத்தாழ 1,200 படியுடைய சீகிரியாக் குன்றேறுதற்கோ அழைத்துச் செல்லாதிருத்தல். மூன்றாவது, திருக்கோயிற் பந்தியிலே இலையை நிரப்பி உண்ணுமாறு வற்புறுத்தும் வழக்கத்தை அன்போடு திருத்துதல். வேண்டாமென்று கை மறிப்பவரைப் பழியாமை உபசாரத்துள் ஒன்றாதல் வேண்டும்.

பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்பதினும் நம் இலையையே மிகுதியும் பார்க்கின்றனர். ஆறு நாள் முருகன் திருமுன் கைகூப்பி நின்ற ஆசிரியர் ஏழாம் நாளில் அளவறியாது உண்பாராயின், விரதமென்பது பெரும்பந்திக்கு முன் இருக்கும் காத்திருப்பே என்று அவர்கள் கற்றுக்கொள்வர். ஒரு கிண்ணக் கஞ்சியோடு அமைந்து எழுவாராயின், அடக்கம் இன்னதென்பதைப் புத்தகமின்றியே கற்பர். இவ்வாண்டுப் பாரணையை நம் வகுப்புப் பாடங்களுள் ஒன்றாக்குவோமாக.

திருச்சிற்றம்பலம்.