இவ்வளவு தூரம் வந்தாயிற்று

மலையில் ஏறிக்கொண்டிருப்பவர் வானம் கறுத்தால் இறங்கிவிடலாம். பெரும்பாலும் அடிவாரத்தை நெருங்க நெருங்க ஆபத்து குறையும். கடலோரப் பாறைச்சுவர்களில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. வேல்ஸில் ஆங்கிள்சி தீவை ஒட்டியுள்ள ஹோலி தீவில், கோகார்த் என்ற குவார்ட்சைட் பாறைச்சுவர் ஐரிஷ் கடலோரம் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அங்குள்ள பல ஏறுவழிகளுக்கு உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கி, அலைகளுக்குச் சற்று மேலே இருக்கும் பாறை விளிம்புவரை இறங்கவேண்டும். இறங்கிய கயிற்றை உருவிக்கொண்டபின், எந்தச் சுவரில் ஏற வந்தோமோ அதில் ஏறித்தான் வெளியே வரமுடியும். போகலாமா, விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு முழு மதிப்பு இருப்பது உச்சியில் நிற்கும்வரைதான். வாழ்க்கையின் பெரிய முடிவுகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை என்று நினைக்கிறேன். துணிச்சலைச் சுவரின் நடுவில்தான் நாம் தேடுகிறோம். அது அதிகம் தேவைப்படுவதோ இறங்குவதற்கு முந்தைய சில நிமிடங்களில்.

மாறும் வானிலை என்றால் மழை மட்டுமல்ல. காற்றில் ஈரம் ஏறினாலே உப்புப் படிந்த பாறை பிசுபிசுக்கும். விரல் வியர்வைக்காகப் பூசிக்கொள்ளும் மக்னீசியம் கார்பனேட் பொடி குழைந்துபோகும். நைலான் கயிறு நனைந்தால் கனக்கும், விழுகிறவரைத் தாங்கும் வலுவும் குறையும். காற்று பலத்தால் கொஞ்ச தூரத்தில் நிற்கும் துணைவரின் குரல்கூடக் கேட்காது. கயிற்றை இழுத்துத்தான் சைகை காட்டவேண்டும். இதோடு ஓதமும் சேர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ 6 மணி நேரத்தில் கடல் வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு வரும். ஆனால் சீராக வராது. முதல் மணி நேரத்தில் மொத்த உயர்வில் 12இல் 1 பங்கு, அடுத்ததில் 2 பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3 பங்குகள் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. முதல் மணி நேரத்தில் தண்ணீர் அசையாததுபோல் இருக்கும். அதை நம்பி, மழை விடட்டும் என்று அடிவிளிம்பில் காத்திருப்பவரின் காலடிக்குக் கடல் பிறகு விறுவிறுவென்று ஏறிவரும். கீழே நிற்பவருக்கு வானத்தில் ஒரு பகுதிதான் தெரியும் என்பதையும் மறக்கக்கூடாது. நிறையத் தெரிந்துகொள்ள முடிகிற இடத்தில் முடிவெடுக்காமல், குறைவாகத் தெரியும் இடத்துக்கு அதைத் தள்ளிப்போடுகிறோம்.

தள்ளிப்போட வைப்பது பெரும்பாலும் ஒரே நினைப்பு: இவ்வளவு தூரம் வந்தாயிற்று. விடுப்பு எடுத்தாயிற்று, பெட்ரோல் செலவாயிற்று, மூட்டையையும் சுமந்தாயிற்று. இவற்றில் எதுவும் பாறையைக் காயவைக்காது. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தபிறகு, நிச்சயதார்த்தத்துக்கு ஊரைக் கூப்பிட்டபிறகு, மனத்தில் எழும் சந்தேகத்தையும் இதே நினைப்புதான் அமுக்குகிறது. இந்த இடத்துக்கு வீட்டிலிருந்து நேற்றே கிளம்பாமல், இன்று இங்கேயே கண்விழித்திருந்தால், இந்த வானத்தைப் பார்த்து இறங்குவோமா? செலவான பணத்தையும் நேரத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிட இப்படிக் கேட்டுப்பார்ப்பது உதவும்.

இப்படித் தயங்கியிருந்தால் முதல் ஏற்றம் என்று எதுவுமே நடந்திருக்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் கடலோரம் தனித்து நிற்கும் ‘ஓல்ட் மேன் ஆஃப் ஹோய்’ என்ற 137 மீட்டர் உயர மணற்கல் தூணில் 1966இல் டாம் பேட்டி, ரஸ்டி பெய்லி, கிறிஸ் பானிங்டன் மூவரும் முதன்முதலாக ஏறினார்கள். மறுவருடம் பிபிசி அங்கே நடந்த ஏற்றத்தை நேரலையில் காட்டியது. துணிச்சலுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். ஆனால் இன்று அந்த வழியில் ஏறுகிறவர்கள் செய்வதைப் பாருங்கள். இரண்டாம் கட்டத்தில் பாறை வெளியே துருத்திக்கொண்டு பக்கவாட்டிலும் நகர்கிறது. அங்கே கயிறு கட்டாமல் மேலே போனால், இறங்கும்போது பாறை எட்டாமல் அந்தரத்தில் தொங்க நேரும். அதனால் அந்த இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டி விட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். திரும்புவதற்கான ஏற்பாடு ஏற்றத்தின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. கோகார்த்திலும் இறங்கிய கயிற்றை உருவாமல் விட்டுவைக்கலாம், அதைப் பற்றி ஏறிவரும் சிறு கருவியையும் இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். போவதா வேண்டாமா என்ற இரண்டு பதில்களுக்கு நடுவே இத்தனை இடம் இருக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: திரும்ப வழி வைத்திருப்பவர் எதிலும் முழுமனதோடு இறங்கமாட்டார். எனக்கு இது நேர்மாறாகத் தோன்றுகிறது. கடினமான பிடியில் கை நடுங்கக் காரணம் பெரும்பாலும் பாறை அல்ல, முன்பே தீர்க்காமல் வந்த கேள்வி. அது தீர்ந்திருந்தால் மனம் அடுத்த கால்வைப்பைப் பற்றி மட்டும் நினைக்கும். நோயும் மரணமும் நம்மைக் கேட்டு வருவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்கு உச்சி இல்லை. கடனுக்கும் இடப்பெயர்வுக்கும் கூட்டுத் தொழிலுக்கும் இருக்கிறது.

இறங்குவது ஒருவராக அல்ல என்பதால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கோகார்த்தின் வென் ஸான் பிளவில் 1968இல் எட் டிரம்மண்டும் டேவ் பியர்சும் முதலில் ஏறிய ‘எ டிரீம் ஆஃப் ஒயிட் ஹார்சஸ்’ பெரும்பாலும் பக்கவாட்டில் நகரும் வழி. நேராக ஏறும் வழியில் பின்னால் வருபவருக்கு மேலிருந்து கயிறு காவல். பக்கவாட்டில் அந்தக் காவல் பாதிதான். வழுக்கினால் வீசியெறியப்பட்டு அலைகளுக்கு மேல் தொங்குவார். ஆபத்தில் அவருக்கும் சம பங்கு இருக்கும்போது பேச்சில் முதலிடம் அவருக்குத்தான் தரவேண்டும். முன்னால் ஏறும் மூத்தவர் முந்திக்கொண்டு “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வா” என்று சொல்லிவிட்டால், பின்னால் வரும் இளையவர் தயக்கத்தை விழுங்கிக்கொள்வார். வீட்டிலும் கடன் வாங்கும் நாளில், ஊர் மாறும் நாளில், சம்பாதிப்பவர் முதலில் பேசிவிடுகிறார். மற்றவர்களின் “வேண்டாமே” பல வருடங்கள் கழித்துக் கோபமாக வெளியே வருகிறது. அதைக் கேட்டு ஏதாவது செய்ய முடிகிற நேரத்தில் கேட்கவேண்டுமானால், மூத்தவர் முதலில் வாயை மூடிக்கொள்ளவேண்டும். இளையவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் கயிற்றைச் சுருட்டவேண்டும்.